பழைய அலுவலகக் கணினியும் நம் படிப்பகமும்

(சித்தன்னவாசற் கிளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் படிப்பகத்திற்கென்று ஆறு கணினிகளை இலவசமாகக் கொடுக்கச் சென்னையிற் பணிபுரியும் நம்மவர் ஒருவர் முன்வந்திருக்கின்றார் என்பதும், அவற்றை ஏற்பதா வேண்டாவா என்பதில் நிருவாக சபையார்க்குள் அபிப்பிராய பேதம் நேர்ந்திருக்கின்றது என்பதும் நீங்கள் அறிந்தனவே. ஒரு சாரார், "தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்கின்றனர். மற்றொரு சாரார், "பட்டணத்தார் கழித்த குப்பையை நம் பிள்ளைகள் தலையிற் கட்டுவதா?" என்கின்றனர். தமிழாசிரியராகிய எம்மை இவ்விஷயத்தில் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தது, எம் பள்ளியில் இத்தகைய இயந்திரங்களோடு பல்லாண்டு பழகியுள்ளோம் என்பது பற்றியேயாம். பல்லைப் பிடித்துப் பார்ப்பதே முறை என்பது எமது துணிபு. கொடுத்தவரைக் குறை கூறுதற்கன்று. மாட்டை ஏரிற் பூட்டலாமா, வண்டியிற் பூட்டலாமா, செக்கிற் கட்டலாமா என்று தெளிதற்கே பார்த்தல் வேண்டும்.

குப்பை என்று சொன்ன அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நாம் கூடியிருக்கும் இவ்வூரின் குடைவரைக்கு வந்து ஓவியத்தைக் கண்டு மீள்வோர் பலர். முன்புறப் பாறையிலுள்ள கல்வெட்டை நின்று பார்ப்போர் சிலரே. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பான் பழைய அகமண்டபத்தைப் புதுக்கி, அதன்முன் முகமண்டபம் ஒன்று எடுப்பித்த செய்தியை அது கூறுகின்றது. அம்முகமண்டபமும் காலத்தால் அழிய, 20ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திவான் டாட்டன்ஹாம் துரை, குடுமியான்மலையிலிருந்து பழந்தூண்களைக் கொணர்வித்து இப்போதுள்ள முன்மண்டபத்தை அமைக்கச் செய்தார். ஆகவே பழையதைப் புதுக்கி ஆளுதல் இவ்வூர்க்கு இழுக்காகாது. எதைப் புதுக்கலாம், எதைப் புதுக்கவியலாது என்று அறிவதே காரியம்.

இனி, விஷயத்துக்கு வருவோம். ஆறு கணினிகளும் ஒரே மாதிரியானவை. அமெரிக்க தேசத்து டெல் கம்பெனியார் அலுவலகங்களுக்கென்றே 1993 முதல் 'ஆப்டிபிளெக்ஸ்' என்னும் பெயரில் கணினிகள் செய்து விற்று வந்தனர். 2025இல் அப்பெயரைக் கைவிட்டனர். 2007 முதல் நம் ஸ்ரீபெரும்புதூரிலும் அவர்களுக்குத் தொழிற்சாலை உண்டு. நமக்கு வரவிருப்பது ஆப்டிபிளெக்ஸ் 780 என்னும் மாதிரி, 2009இல் வெளிவந்தது.

அலுவலகக் கணினிக்கும் வீட்டுக் கணினிக்கும் வேற்றுமை யாதென்று சிலர் வினவினர். வீட்டுக்கென்று விற்பது பெரும்பாலும் பகட்டுக்கு முதலிடம் தரும். அலுவலகத்தாரோ ஒரே மாதிரியில் நூறு, இருநூறு என்று வாங்குவர். ஒன்று கெட்டால் மற்றொன்றின் உறுப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். ஆள் உள்ளே புகுந்து திருடலாகாது. ஆதலின் இப்பெட்டியின் மூடியைத் திருப்புளியின்றியே திறக்கலாம்; பூட்டுப் போடுதற்கு வளையம் உண்டு. பெட்டியின்மேல் ஏழெழுத்தும் எண்ணுமாகக் கலந்த 'சர்வீஸ் டேக்' என்னும் குறி ஒட்டப்பட்டிருக்கும். அக்குறியைக் கம்பெனியாரின் இணையதளத்திற் கொடுத்தால், அது எவ்வெவ்வுறுப்புக்களோடு தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டது என்பது வெளிப்படும். மாட்டுக்குச் சுழி பார்ப்பது போல, பழைய கணினி வாங்குவோர் முதலிற் பார்க்க வேண்டியது இதுவே.

கணினிப் பெட்டி முழுவதையும் 'சி.பி.யு.' என்றழைப்பது நம்மூர் வழக்கம். உண்மையில் அப்பெயர்க்குரியது பெட்டிக்குள் விசிறியின் கீழ் ஒளிந்திருக்கும் ஒரு சிறு வில்லையே. வழக்கு வலிது, யாம் அதனை எதிர்த்துப் போராடப் போவதில்லை. குழப்பம் நேராதிருக்க, பெட்டியைப் பெட்டியென்றும் வில்லையைப் பிராசஸர் என்றும் இங்கே சொல்லிச் செல்வோம்.

நமது பெட்டிகளில் உள்ள பிராசஸர் இண்டெல் கம்பெனியாரின் 'கோர் 2 டியோ இ8400' என்பதாகும். 2008இல் வெளிவந்தது. இரண்டு உள்ளங்களை உடையது. அவை 'கோர்' எனப்படும். வேகம் 3 கிகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு முந்நூறு கோடித் துடிப்பு. இதனுள் சுமார் 41 கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. இதே கம்பெனியார் 1971இல் செய்த 4004 என்னும் முதல் வில்லையில் இருந்தவை ஏறக்குறைய 2,300 மாத்திரமே என்றால், இடைப்பட்ட காலத்தின் வளர்ச்சி விளங்கும். ஆயினும் துடிப்பின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. பத்தாண்டு பிற்பட்ட பிராசஸர் அதே 3 கிகாஹெர்ட்ஸில் ஓடினும் ஒவ்வொரு துடிப்பிலும் இதனினும் மிகுந்த வேலை செய்யும், உள்ளங்களும் மிகுதி. இரண்டு எருதுகள் ஒரே நடையில் நடந்தாலும் ஒன்று இழுக்கும் பாரம் வேறு, மற்றொன்று இழுக்கும் பாரம் வேறன்றோ?

இந்தப் பிராசஸரே இப்பெட்டியின் எல்லை. இது பொருந்தும் இருக்கை 775 முனைகளை உடையது. அவ்விருக்கையில் இதனினும் சற்று உயர்ந்த, நான்கு உள்ளங்களையுடைய 'கோர் 2 குவாட்' வரையில் மாட்டலாம். அதற்கு மேற்பட்ட தலைமுறை எதுவும் ஏறாது. அதற்குப் பணம் செலவிடுவது வீண் என்பது எம் கருத்து. இது புதுக்கவியலாத உறுப்பு. ஏனைய இரண்டு உறுப்புக்கள் அவ்வாறல்ல.

அவ்விரண்டும் எவையெனின், ராமும் ஹார்டு டிஸ்க்கும் ஆம். கணக்கப்பிள்ளை ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கேடுகள் யாவும் அடுக்கப்பட்ட பெட்டகம் ஹார்டு டிஸ்க். அன்றைய வேலைக்குரிய ஏடுகளை எடுத்து விரித்து வைத்துக்கொள்ளும் மேசை ராம். மேசை சிறிதாயின், ஓர் ஏட்டை விரிக்க மற்றொன்றை மூடிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். அவர் நாளெல்லாம் எழுந்து நடந்துகொண்டேயிருப்பார். "கம்ப்யூட்டர் தொங்குகிறது" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இந்த நடையையேயாம்.

இவ்வாறு பெட்டிகளும் ஒவ்வொன்றிலும் 2 கிகாபைட் கொண்ட ராம் துண்டுகள் இரண்டு, ஆக 4 கிகாபைட் உடையன. டி.டி.ஆர்.3 என்னும் இனம். அதற்கு முந்தைய 760 என்னும் மாதிரி டி.டி.ஆர்.2 இனத்தது; ஒன்றன் துண்டு மற்றொன்றிற் பொருந்தாது. 780 பெட்டியில் ராம் துண்டுக்கு நான்கு இடங்கள் உண்டு. உச்ச வரம்பு 16 கிகாபைட். 4 கிகாபைட் துண்டு வாங்க எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: துண்டின் இரு பக்கத்தும் எட்டெட்டாகப் பதினாறு கருஞ்சில்லுகள் இருத்தல் வேண்டும். எட்டே சில்லுகளையுடைய பிற்காலத்துத் துண்டை இப்பெட்டி ஏற்காது. கடைக்காரர் பலர் இதனை அறியார், "டி.டி.ஆர்.3 தானே, போடுங்கள்" என்று கொடுத்துவிடுவர். கணினி கூவிக்கொண்டு நிற்கும்.

ஹார்டு டிஸ்க்கைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். பழைய கணினிகள் மந்தமாயிருப்பதற்குப் பெருங்காரணம் அதுவே. அதனுள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 7,200 முறை சுழல்கின்றது. விநாடிக்கு 120 சுற்று. மிக விரைவென்று தோன்றும். ஆனால் வேண்டிய செய்தி ஊசியின் கீழ் வந்து சேர ஒவ்வொரு முறையும் அரைச் சுற்று அளவாவது காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி உரிய தடத்துக்கு நகர வேண்டும். இரண்டுமாகச் சேர்ந்து விநாடியின் நூறில் ஒரு பங்குக்கு மேற்படுகின்றது. கணினி ஒரு முறை விழித்தெழுவதற்குப் பல்லாயிரம் சிறு செய்திகளைத் தேடுகின்றது. பல்லாயிரம் முறை காத்திருப்பின் எவ்வளவு நேரம் என்று நீங்களே கணக்கிடுங்கள். எஸ்.எஸ்.டி. என்னும் புதிய சேமிப்புக் கருவியில் சுழலும் தட்டுமில்லை, நகரும் ஊசியுமில்லை. காத்திருப்பு விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்களவாகக் குறைந்துவிடுகின்றது. 780 பெட்டியின் சாட்டா இணைப்பு பழைய தரத்ததாதலின், விநாடிக்கு 500 மெகாபைட் தரவல்ல எஸ்.எஸ்.டி. இங்கே 300 மெகாபைட்டுக்கு மேற் செல்லாது. அதனாற் பாதகமில்லை. குறைய வேண்டியது காத்திருப்பு, அது குறைந்துவிடுகின்றது. எம் பள்ளியில் இதே காலத்துக் கணினி ஒன்றுக்கு இம்மாற்றம் செய்த பிறகு, மணியடித்த பின்னும் திறக்காதிருந்தது, பிள்ளைகள் இருக்கையில் அமர்வதற்குள் திறந்துவிட்டது.

மற்றை உறுப்புக்களைச் சுருக்கமாகச் சொல்வோம். யு.எஸ்.பி. துளைகள் எட்டு, முன்னே இரண்டு, பின்னே ஆறு, எல்லாம் 2.0 என்னும் பழைய தரத்தன. மானிட்டருக்கு வி.ஜி.ஏ., டிஸ்பிளே போர்ட் என்னும் இரண்டு வழிகள் உண்டு. இந்நாளில் தொலைக்காட்சிப் பெட்டியிலெல்லாம் காணப்படும் எச்.டி.எம்.ஐ. இல்லை. கம்பிவழி இணைய இணைப்பு உண்டு; வைஃபை, காமிரா, மைக்கு மூன்றும் இல்லை. ஆகவே நேர்முக வகுப்புக்கு இவற்றைத் தனியே வாங்கி மாட்ட வேண்டும். பாடங்களை யூடியூபிற் காணலாம். ஆனால் அண்மைக் காலத்து வீடியோச் சுருக்க முறைகளை விரித்துக் காட்டும் தனியுறுப்பு இதிலில்லாமையால், அவ்வேலை முழுதும் பிராசஸரின் தலையில் விழுகின்றது. படத்தின் நுணுக்கத்தை 720 என்னும் அளவில் வைத்துக்கொண்டால் தடையின்றி ஓடும். மின்சாரச் செலவைக் குறித்துப் பொருளாளர் அவர்கள் கவலைப்பட்டார். பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து நூறு வாட்டு இழுக்கின்றன என்று கொண்டால், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு அரை யூனிட். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் ஒரு கணினிக்கு முப்பது யூனிட் ஆகும்.

இப்போது, சங்கத்தார் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கின்றோம். கணினி ஓடுவதற்கு விண்டோஸ் போன்ற ஓர் ஆட்சிமுறை உள்ளே இருத்தல் வேண்டும். இப்பெட்டிகளின் மேல் விண்டோஸ் 7 என்னும் சீட்டு ஒட்டப்பட்டிருக்கின்றது. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனியார் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டனர். விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமாயின், இண்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறையினதாக இருத்தல் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் காப்புறுப்பும் வேண்டும். 780இல் உள்ளது 1.2. குறுக்கு வழியில் ஏற்றித் தருவோம் என்பாரும் உளர். 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பு, கோர் 2 இனத்துப் பிராசஸர்கள் அறியாத சில கட்டளைகளை இன்றியமையாதனவாக ஆக்கிவிட்டமையின், அக்குறுக்கு வழியும் அடைபட்டது.

இதனால் விளைவது யாது? பூட்டுக் கெட்ட வீட்டில் நெல்லைக் கொட்டி வைப்பதை ஒக்கும், விண்டோஸ் 7 கணினியிற் பணம் சம்பந்தமான காரியம் பார்ப்பது. நம் பிள்ளைகள் படிப்பகத்தில் என்ன செய்வர்? அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு விண்ணப்பம் அனுப்புவர். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கொடுத்து உதவித்தொகைக்கு எழுதுவர். அவற்றைக் காவலற்ற கணினியில் இடச் செய்வதற்கு நாம் உடன்படலாகாது. ஆகவே விண்டோஸை நீக்கி லினக்ஸை ஏற்றுதல் வேண்டும். அதற்கு விலை கொடுக்க வேண்டுவதில்லை; பாதுகாப்புத் திருத்தங்களும் இடையறாது வருகின்றன. சிடாக் என்னும் அரசாங்க நிறுவனத்தார் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் நம்மவர்க்குப் புதியதன்று. தமிழ்நாட்டு அரசினர் 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. லினக்ஸ் மின்ட் என்பதும் இத்தகைய பழம்பெட்டிகளுக்கு ஏற்றதே.

தமிழில் எழுத இயலுமா என்பது எமக்கே உரிய வினாவாகலின், அதனையும் சோதித்துப் பார்த்தோம். நன்கு இயலும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மகாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் உண்டு. உயிரெழுத்துக்கள் இடக்கைப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப்புறமும் அமைந்த அதனை, எழுத்திலக்கணம் தெரிந்த சிறுவன் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்வான். யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டு அரசினர் 2010இல் தமக்குரிய தரமாக ஏற்றனர். அதற்கு முன் அச்சகத்துக்கொரு எழுத்துரு, ஊருக்கொரு குறியீடு என்றிருந்த காலத்தில் கோத்த நம் திங்களிதழின் பழைய படிகள் சில இன்று திறந்தால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி எடுத்து வைக்கும் பணிக்கு இவ்வாறு பெட்டிகளில் ஒன்றே போதும். அதனை ஏற்றுச் செய்ய யாம் உடன்படுகின்றோம்.

எனினும் எல்லாப் பிள்ளைக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டோம். கல்லூரியில் கணினிக் கலை பயிலும் மாணவிக்கு இது போதாது. வேறு வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது ஏமாறாதிருக்க வேண்டும். நம் சங்கத்துக் குடும்பத்தார் ஒருவர், தாயார் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு மகளுக்குப் பழைய கணினி ஒன்று வாங்கினார். விற்றவர், "ஐ5 ஐயா, ஐ5!" என்று மும்முறை சொல்லி விற்றாராம். ஐ5 என்பது உண்மையே. ஆனால் அது ஐ5-650; 2010இல் வந்த முதல் தலைமுறை. ஏறக்குறைய நம் 780க்கு ஒரு வயது இளையது. அப்பெண்ணின் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்கள் அதில் ஓடவில்லை, பணமும் திரும்பவில்லை.

ஆகவே, தாய்மார்களே, ஐ5 என்ற ஒலியைக் கேட்டுப் பணத்தை அவிழ்க்காதீர்கள். அதன்பின் வரும் எண்ணைப் பாருங்கள். 4570 என்று நான்கு இலக்கமிருந்தால், முதலிலக்கமாகிய நான்கே தலைமுறை. அது 2013ஆம் ஆண்டினது. 8500 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 10400 போல ஐந்திலக்கமாயின் முதலிரண்டு இலக்கமும் சேர்ந்து பத்தாம் தலைமுறை. மூன்றே இலக்கமாயின் முதல் தலைமுறை, எழுந்து வந்துவிடுங்கள். எட்டும் அதற்கு மேலும் இருப்பின் விண்டோஸ் 11 ஏறும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போயினும், பக்கத்து நகரக் கடைக்குப் போயினும் இந்த ஒரு கணக்கு மாறாது.

இனி ஆறு பெட்டிகளைப் பற்றி எமது யோசனை. ஆறையும் ஏற்போம். ஆனால் ஆறையும் மேசைமேல் வைக்க வேண்டுவதில்லை. சிறு பெட்டிகளின் மின்வழங்கி அவற்றுக்கென்றே வார்த்த உருவத்தன; கெட்டால் பொதுக்கடையில் வாங்கும் மின்வழங்கி உள்ளே பொருந்தாது. ஆதலின் இரண்டை உறுப்புக்காகக் காப்பில் வைத்து, நான்கை ஓட்டுவோம். காப்பில் வைக்கும் இரண்டிலுமுள்ள நான்கு ராம் துண்டுகளைக் கழற்றி, ஓடும் நான்குக்கும் ஒவ்வொன்று மாட்டினால், ஒவ்வொன்றுக்கும் 6 கிகாபைட் ஆகிவிடும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வாங்க வேண்டியன நான்கு எஸ்.எஸ்.டி.கள் மாத்திரமே. 'கழித்த குப்பை' என்ற அன்பர்களும், 'பல்லைப் பிடியாதே' என்ற அன்பர்களும் இச்செலவுக்குச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் சபையின் பிணக்கும் தீரும் என்று நகையாகச் சொல்லி வைக்கின்றோம். படிப்பக நிதியில் மிஞ்சுவதைத் தொடாமல், எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்று கல்லூரி மாணவர்க்குப் பொதுவாக வாங்க ஒதுக்குமாறு சபையாரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

முற்றும் கெட்டுப்போன உறுப்புக்களைத் தெருவில் எறியவோ, செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்தவோ கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவற்றைச் சேர்ப்பித்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று, சிறிதெனினும் சொல்லாது விடலாகாதது. பெட்டிக்குள் காசளவில் சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கின்றது. மின்சாரம் இல்லாத வேளையிலும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. பல்லாண்டுப் பெட்டிகளில் அது தீர்ந்திருக்கும். தீர்ந்தால் கணினி ஒவ்வொரு காலையும் பழைய தேதியோடு கண் விழிக்கும். தேதி பிழையாயிருப்பின் வங்கி, தேர்வாணையம் முதலிய காவலுள்ள இணையதளங்கள் கதவைத் திறவா. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று இக்காரணம் தெரியாமல் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த மாணவனை யாம் கண்டிருக்கின்றோம். ஆறு பெட்டிகளும் வந்திறங்கிய உடனே ஆறு பேட்டரிகளையும் மாற்றிவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் ஒரு பெட்டியைத் திறந்து, இதுவரை சொன்ன உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துக் காட்டுவோம். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, கட்டாயம் வர வேண்டும். வருவோர் பழைய பருத்தித் துணி ஒன்றும், வர்ணம் பூசும் சிறு தூரிகை ஒன்றும் கொண்டு வருக. உள்ளே தூசி மிகுதியாயிருக்கும்.